பாலத்துக்கு இந்தப் பக்கம் மேல்வரி

நியூ டெல்ஃப்ட், அயோவா
2024 அக்டோபர் 6, ஞாயிறு மத்தியானம்

என் மருமகன் டெரிக்குக்கு ட்ரூடி அத்தை எழுதறது. ஆண்டவரோட தயவுல நானும் மாமாவும் நல்லா இருக்கோம். கஸ்ஸும் நல்லா இருக்கான், கொஞ்சம் தொந்தி போட்டுட்டான்.

முதல்ல நன்றி சொல்லிடறேன், அப்புறமா திட்டறேன். நீ அனுப்பின நாய்த்தீனி மூட்டை வெள்ளிக்கிழமை வந்துச்சு. உள்ளே ஒரு துண்டுக் காகிதமாவது வச்சிருப்பேன்னு உன் மாமா மூட்டையைத் தலைகீழா கவுத்துப் பார்த்தார். சமையலறை பூரா தீனி. கஸ்ஸுக்கு அன்னைக்கே கிறிஸ்துமஸ் வந்துடுச்சு. மே மாசத்துலேருந்து எங்ககூட ஒரு வார்த்தை பேசல நீ. ஆனா உன் நாய் பட்டினி கிடக்கக் கூடாதுன்னு உனக்குத் தோணிச்சே, அதுக்கே ஸ்தோத்திரம்.

போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிற. அதனாலதான் ஆத்துக்கு அந்தப் பக்கம் சூ ஃபால்ஸ்ல வாடகைக்கு எடுத்து வச்சிருக்கியே ஒரு தபால் பெட்டி, அதுக்கே எழுதறேன். சவுத் டகோட்டாவுல வருமான வரி கிடையாதுன்னு எடுத்த பெட்டி. அதுக்குள்ள படுக்க முடியுமா, சமைக்க முடியுமா? சரி, என் கடிதாசியையாவது அது வாங்கிக்கட்டும். ஞாயித்துக்கிழமை வேற வேலை செய்யக் கூடாது, எழுதலாம்ல.

சேதி என்னன்னா, உன் அத்தை சம்பளக்காரி ஆயிட்டேன்! சிரிக்காதே. அம்பத்தேழு வயசுல முதல் சம்பளம். பன்னிகளுக்குத் தீனி வச்சேன், மக்காச்சோளம் அறுத்தேன், சர்ச்சுல ஊருக்கே ஹாம் பன் செஞ்சு போட்டேன், மாமாவுக்கு நெஞ்சுவலி வந்த வருஷத்துலேருந்து ஆம்புலன்ஸும் ஓட்டறேன். ஒரு நாளாவது என் பேர் போட்டு யாராவது செக் குடுத்திருக்காங்களா? இந்த ஜூலையிலேருந்து கவுண்டி குடுக்குது. கூப்பிட்டா ஓடறதுக்குத் தயாரா வீட்டுல காத்திருக்கிற நேரத்துக்கும் சேத்து.

எந்தக் காசுன்னு உனக்குத் தெரியும். நீ முகம் சுளிச்ச அதே காசுதான். ரெண்டு வருஷம் முன்னாடி ஓட்டுப் போட்டோமே, ஆம்புலன்ஸுக்காக வருமான வரி மேல ஒரு மேல்வரி. நூத்துக்கு அறுபது பேர் சரின்னாத்தான் செல்லும்னாங்க, நல்லவேளை தேறிச்சு. இல்லைன்னா வண்டியைப் பூட்டிட்டு நாங்க நாலு கிழங்களும் வீட்டுக்குப் போயிருப்போம். சும்மா வர்றதுக்கு இளசுக யாரும் கிடையாதே. இப்ப ரெண்டு புதுப் பிள்ளைக சேந்திருக்காங்க. ஒருத்திக்கு இன்னும் வண்டியைப் பின்னாலே எடுத்து நிறுத்தத் தெரியல, தெரிஞ்சுக்குவா.

அந்தச் சம்பளச் சீட்டை ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கேன். மொத்தம் இவ்வளவு, மத்திய அரசுக்கு இவ்வளவு, மாநிலத்துக்கு இவ்வளவு, கைக்கு வர்றது இவ்வளவுன்னு எல்லாம் போட்டிருக்கு. ஆனா மேல்வரியை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம். கவுண்டி ஆபீஸ்ல போய்க் கேட்டேன். "அது சம்பளத்துல பிடிக்க மாட்டோம் ட்ரூடி, ஏப்ரல்ல கணக்கு முடிக்கும்போது மொத்தமா வரும்"னு அந்தப் பொண்ணு சொல்லுது. "அதெல்லாம் முடியாது, இப்பவே ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடப் பிடிச்சுக்கோ"ன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். "இன்னும் பிடிங்கன்னு கேட்டு வந்த முதல் ஆளு நீங்கதான்"னு அது சிரிக்குது.

உன் மாமா வேற. "ஏண்டி, உனக்குச் சம்பளம் குடுக்கிறதும் அந்த வரி, உன்கிட்டேருந்து பிடிக்கிறதும் அந்த வரி. கிணத்துத் தண்ணியை மொண்டு கிணத்துலயே ஊத்தற"ங்கிறார். ஊத்தினா என்ன? எனக்கும் ஒரு வாளி இருக்குல்ல இப்போ!

இன்னொண்ணு. நோயாளியை ஏத்திக்கிட்டுச் சூ ஃபால்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போறப்போ, பாலம் தாண்டினதும் டீசல் பங்க் பக்கத்துல சில சனிக்கிழமை ஒரு பெரிய லாரி நிக்குது. நான் கடக்கும்போது ரெண்டு தடவை விளக்கைச் சிமிட்டறான் அந்த டிரைவர். வழிவிட்டு மரியாதை பண்றான் போலிருக்கு. யார் பெத்த பிள்ளையோ. தினமும் அவனுக்காக ஒரு ஜெபம் பண்றேன், குளிருல நல்லா போத்திக்கிட்டுப் படுக்கணும்னு.

திட்டறதுக்கு இடம் இல்லாமப் போச்சு. அடுத்த கடிதாசியில.

அன்புள்ள
ட்ரூடி அத்தை

---

சிட்னி, நெப்ராஸ்கா
2024 அக்டோபர் 19

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. முதல் சம்பளத்துக்கு வாழ்த்துகள். மனசாரத்தான் சொல்கிறேன். கஸ்ஸுக்கு அளந்து போடுங்கள். மாமா கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுப்பார், தெரியும்.

நீங்கள் சந்தோஷமாக வரி கட்டுகிறீர்கள். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. போன ஏப்ரலில் கணக்கு முடித்தபோது மாநில வரி எல்லாம் சரியாகப் பிடித்திருந்தார்கள். அதற்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மேல்வரி, ஆம்புலன்ஸுக்கு ஒரு மேல்வரி என்று முந்நூற்றைம்பது டாலர் மொத்தமாகக் கட்டு என்றார்கள். வரிக்கு மேல் வரி. என் பிள்ளை யாரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. எனக்கு நெஞ்சுவலி வந்தால் அது நான் லாரி ஓட்டும் வயோமிங்கில்தான் வரும், உங்கள் வண்டி அங்கே வராது. அன்றுதான் பெட்டியை எடுக்க முடிவு செய்தேன். இப்போது வாரத்துக்கு எழுபது டாலர் கூடுதலாகக் கைக்கு வருகிறது. சொந்த லாரிக்கு முன்பணம் சேர்க்கிறேன். அடுத்தவன் லாரியை ஓட்டி ஓட்டி எனக்கு முப்பது வயதாகப் போகிறது.

இதையெல்லாம் மே மாதமே உங்களிடம் சொல்லத்தான் வந்தேன். சொல்ல விட்டீர்களா? ஆராதனை நடுவில், வெளியூர்க்காரர்கள் கையெழுத்துப் போடும் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தீர்கள். "சவுத் டகோட்டாவுலேருந்து வந்த விருந்தாளி பேரையும் விலாசத்தையும் எழுதுங்க" என்றீர்கள். பின் வரிசையில் வீன்ஸ்ட்ரா குடும்பம் மொத்தமும் சிரித்தது. நான் ஞானஸ்நானம் வாங்கிய சபை அத்தை அது. கோபத்தில் நிஜமாகவே எழுதிவிட்டு எழுந்து போனேன். என் பெயர் இன்னும் அதில் இருக்கும், போய்ப் பாருங்கள்.

அதனால் பெட்டியோடு நிறுத்தப் போவதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு டிரெய்லர் வீடு பார்த்திருக்கிறேன். ஜனவரி ஒன்று முதல் வாடகை. டிசம்பர் 28 சனிக்கிழமை வந்து கஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வருஷக் கடைசி ஆராதனைக்கும், எண்ணெயில் பொரிக்கும் உங்கள் ஒலிபோலன் உருண்டைக்கும் என்னை எதிர்பார்க்க வேண்டாம். டிசம்பர் 31 ராத்திரி எந்தக் கரையில் படுக்கிறோமோ, வருஷம் முழுக்க உள்ள மேல்வரி அந்தக் கரைக்குத்தான். ஊருக்கே தெரிந்த விஷயம். நம் ஊர் ஆர்னியும் அவர் மனைவியும் பாலம் தாண்டிப் போய் மோட்டலில் படுத்துவிட்டு வரவில்லையா?

மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

டெரிக்

---

நியூ டெல்ஃப்ட்
2024 நவம்பர் 3, ஞாயிறு

டேய் மருமகனே,

உன் கடிதாசியை நின்னுக்கிட்டே படிச்சேன். கஸ்ஸைக் கூட்டிட்டுப் போறேன்னு எழுதின இடத்துல உக்காந்துட்டேன். உன் மாமா எழுந்து போய் அவன் தட்டைக் கழுவி வச்சார். தன் தட்டையே கழுவாத மனுஷன்.

புத்தகம் பத்தி எழுதினியே. போய்ப் பார்த்தேன். இருக்கு. டெரிக் டி ஹான், பெட்டி எண், சூ ஃபால்ஸ். உனக்கு முந்தி மிச்சிகன்லேருந்து வந்த ஒரு புருஷன் பொண்டாட்டி, உனக்குப் பிந்தி யாரோ ஒரு மிஷனரி. நடுவுல நீ. நான் உன் விலா எலும்புல இடிக்கிறதா நினைச்சுப் பண்ணினேன், அது உள்ள போய்க் குத்திடுச்சு. வீன்ஸ்ட்ரா வீட்டம்மா சிரிச்சதை மட்டும் விடு. அவ பிரசங்கத்துக்கே சிரிப்பா. பெப்பர்மின்ட் மிட்டாயைக் கடிச்சு நொறுக்கற பொம்பளை.

இப்ப முக்கியமான சேதி. டிசம்பர் 31 விஷயமா லொரேனைப் போய்ப் பார்த்தேன். அதான், ஊர்ல பாதிப் பேருக்கு வரிக்கணக்கு எழுதித் தர்ற லொரேன். "ஆத்துக்கு அந்தப் பக்கம் படுத்தா மேல்வரி கிடையாதாமே"ன்னு கேட்டேன். அவ பேனாவைக் கீழ வச்சுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு. "ட்ரூடி, ஆர்னி வருஷா வருஷம் மோட்டலுக்குத் தண்டமாக் காசு குடுக்கிறான், அதே மேல்வரியை என்கிட்ட எழுதியும் கட்டறான். நான் சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறான். அவன் பொண்டாட்டிக்கு அங்க இருக்கிற நீச்சல்குளம் பிடிச்சிருக்கு, அதனால அவளும் நம்பாத மாதிரி இருக்கா"ங்கிறா.

அப்புறம் சொன்னா. "வருஷக் கடைசி நாள் தலை எந்தத் தலகாணியில இருந்துச்சுன்னு சட்டம் கேக்கல. உன் வீடு எதுன்னுதான் கேக்குது. வீடுன்னா, நீ எங்க போனாலும் கடைசியில எங்க திரும்பி வரணும்னு மனசுல வச்சிருக்கியோ அது." அப்படியே சொன்னா. எனக்கு அது சட்டம் மாதிரியே படல, வேதத்துல சங்கீதம் வாசிச்ச மாதிரி இருந்துச்சு.

ஆக, நீ தாராளமா வந்து ஒலிபோலன் தின்னுட்டு இங்கயே படுக்கலாம். அதனால உனக்கு ஒரு சல்லி கூட ஏறாது. நிஜமாவே அந்தப் பக்கம் குடி போறதா இருந்தாலும் வந்து தின்னுட்டுப் போ. உன்னைப் பிடிச்சு வைக்கறதுக்காகச் சொல்லல.

இங்க வரைக்கும் எழுதிட்டுப் பேனாவை வச்சுட்டேன். லொரேன் இன்னொண்ணும் சொன்னா. எழுதலாமா வேண்டாமான்னு மாமாகிட்டக் கேட்டேன். "மறைச்சா அது பொய்தானே ட்ரூடி"ன்னார். சரின்னு எழுதறேன். வெறும் பெட்டி வாடகைக்கு எடுத்தா மட்டும் வீடு மாறினதா ஆகாதாம். பழைய வீட்டை நிஜமாவே விட்டிருக்கணுமாம். உன் சட்டை இங்க, உன் நாய் இங்க, உன் பல் டாக்டர் இங்க, கராஜ் மேல உன் ரூம் அப்படியே இருக்கு. அதனால இந்த வருஷக் கணக்குக்கு நீ இந்த ஊர்க்காரன்தான்னு அவ சொல்றா. ஒரு டிரெய்லரைப் பிடிச்சு, மனசோட அங்க குடி போனாத்தான் அதுலேருந்து மாறுமாம்.

அதைத்தானே நீ பண்ணப் போறேங்கிற. நல்ல புத்தி சொல்லப் போய் நானே உனக்கு வழி காட்டின மாதிரி ஆயிடுச்சு.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் கூட எழுத வேண்டாம். லாரியில தனியா போறப்போ யோசிச்சுப் பாரு. திரும்பி வரணும்னு நினைக்கறப்போ உன் மனசுக்குள்ள எது வருது?

உனக்காக நன்றியோட இருக்கிற
அத்தை

பி.கு.: அந்த விளக்குச் சிமிட்டற டிரைவரை நேத்தும் பார்த்தேன். முதுகுவலின்னு வண்டியில படுத்திருந்த ஜெரால்டு, "யாருக்கு ட்ரூடி கை காட்டறே?"ன்னான். "என் சொந்தக்காரன் மாதிரி ஒருத்தன்"னேன்.

---

ஒகல்லாலா, நெப்ராஸ்கா
2024 நவம்பர் 23

அன்புள்ள அத்தைக்கு,

பாலத்துக்குப் பக்கத்தில் நிற்பது நான்தான். உங்களுக்கு முன்னமே தெரிந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. நீங்கள் கடிதத்தில் ஜெபம் பண்ணியதே எனக்குச் சொல்வதற்காகத்தான் என்று இரண்டாவது முறை படித்தபோது புரிந்தது. நன்றாகப் போர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன்.

பத்து நாள், பன்னிரண்டு நாள் ஓட்டினால் கம்பெனி இரண்டு நாள் வீட்டு விடுப்பு தரும். லோடு போடும் பெண் ஒவ்வொரு முறையும் போனில் கேட்பாள், "டெரிக், வீடு எந்த ஊர்னு போடட்டும்?" மே மாதத்திலிருந்து சூ ஃபால்ஸ் என்றுதான் சொல்லி வந்தேன். சொல்லிவிட்டு, பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்திருப்பேன். அங்கிருந்து நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டி தெரியும். ஞாயிற்றுக்கிழமை காற்று என் பக்கமாக அடித்தால் மணிச் சத்தம் கூடக் கேட்கும். அங்கேயே நிற்பதற்கு டீசல் மலிவு என்று எனக்கு நானே காரணம் சொல்லி வைத்திருந்தேன். மலிவெல்லாம் இல்லை.

போன வாரம் அந்த டிரெய்லரைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஆபத்து என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கேள்வி. உங்கள் நம்பரை எழுதினேன். நாய்க்கு ஊசி போடும் டாக்டர் யார் என்று ஒரு கேள்வி. அதற்கும் நம் ஊர். சபை எது என்று அவராகவே பேச்சுவாக்கில் கேட்டார். அதற்கும் வாயில் அதுதான் வந்தது. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ இங்க குடிவர்றியா, இல்ல அங்கேருந்து ஒளிஞ்சுக்க வர்றியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

லொரேன் சொன்னதை நீங்கள் மறைத்திருக்கலாம். மறைக்காமல் எழுதினீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அதனால் எனக்குக் குழப்பம்தான் கூடியிருக்கிறது. உங்கள் ஊர்க்காரனாகவே இருந்தால் மே முதல் பிடிக்காத வரியெல்லாம் சேர்த்து ஏப்ரலில் கட்ட வேண்டும். லாரி குறைந்தது ஒரு வருஷம் தள்ளிப்போகும். எழுபது டாலர் உங்களுக்கு ஒரு ஹாம் பன் செலவு. எனக்கு அது லாரியின் ஒரு சக்கரம்.

28ஆம் தேதி வருகிறேன். கஸ்ஸின் போர்வையை மட்டும் துவைத்து வையுங்கள். துவைக்காமல் இருந்தால் அதுவும் பரவாயில்லை.

டெரிக்

---

நியூ டெல்ஃப்ட்
2024 டிசம்பர் 8, ஞாயிறு

என் ராசாவுக்கு,

போத்திக்கிட்டுப் படுக்கிறேன்னு எழுதினியே, அந்த ஒரு வரிக்கு இன்னைக்குச் சபையில ஸ்தோத்திரம் ஏறெடுத்தேன். யாருக்காக, என்னத்துக்காகன்னு சொல்லல. போதகர் புரிஞ்ச மாதிரித் தலையாட்டினார். அவர் எல்லாத்துக்கும் தலையாட்டுவார்.

ஆமாண்டா, நீதான்னு தெரியும். முதல் தடவையே தெரியும். சிமிட்டினப்போ இடது பக்க விளக்கு ஒரு நொடி பிந்தி வந்துச்சு. போன குளிர்காலத்துல நம்ம வாசல்ல நிறுத்தி, "கம்பெனிக்காரன் இதை ரிப்பேர் பண்ணித் தர மாட்டேங்கிறான்"னு நீ புலம்பின அதே விளக்கு. சொன்னா நீ இடம் மாத்தி நிறுத்திடுவியோன்னு பயந்துதான் வேற யாரோ மாதிரி எழுதினேன்.

லாரி விஷயத்தை யோசிச்சேன். நீ சொல்றது நியாயம்தான். எனக்கு முதல் சம்பளம், அதனால பிடிக்கிறதைப் பார்த்தாலும் கொண்டாட்டமா இருக்கு. நீ பன்னெண்டு வருஷமா சம்பளம் வாங்கறவன், கைக்கு வர்றது குறைஞ்சா உனக்கு வலிக்கும். நான் வரியைப் புகழ்ந்து பாடினது கொஞ்சம் ஓவர்தான். உன் மாமாவும் அதான் சொன்னார். "புதுப் பணக்காரி பேச்சு"ன்னு அவர் பேர் வச்சிருக்கார்.

அதனால உன்கிட்ட இரு போன்னு எதுவும் சொல்ல மாட்டேன். மனசு அங்கதான்னா அங்க நல்லா இரு. நான் பாலம் தாண்டறப்போ விளக்கைச் சிமிட்டறேன். இந்தத் தடவை அது என் முறை.

கஸ்ஸோட சாமானை எல்லாம் ஒரு பெட்டியில கட்டிட்டேன். போர்வையைத் துவைக்கல. உன் ரூம்ல ஹீட்டரை மட்டும் அணைக்க மனசு வரல. குழாய் உறைஞ்சு வெடிச்சுடுமேன்னு ஒரு காரணம் சொல்லிக்கறேன். உன் டீசல் மலிவு மாதிரி.

ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடறேன். வருஷக் கடைசி நாள் சாயங்காலம் வண்டிக்குத் தயாரா இருக்க வேண்டியது என் முறை. புதுப் பிள்ளைக ரெண்டு பேருக்கும் சின்னக் குழந்தைக. அவங்க வீட்டுல இருக்கட்டும்னு நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். மாவு பிசைஞ்சு, உலர்திராட்சை போட்டுப் பொங்க வச்சிடுவேன். ஆனா நடுவுல கூப்பிட்டுட்டா எண்ணெய்ல போட்டு எடுக்கிறது உன் மாமாதான். போன தடவை அவர் போட்டது ஹாக்கிப் பந்து. ஆண்டவர் கிருபையில யார் பல்லும் உடையல.

அந்தப் புத்தகம் இருக்கே, அதை இனிமே யார் மடியிலயும் நான் வைக்க மாட்டேன். அது வாசல்ல மேசை மேலயே கிடக்கட்டும்.

நன்றியோட
அத்தை

---

நியூ டெல்ஃப்ட், உங்கள் சமையலறை மேசை
2025 ஜனவரி 1, காலை

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் தூங்குகிறீர்கள். எழுப்ப வேண்டாம் என்று மாமா சொன்னார். பத்து மணிக்கு நான் லோடு ஏற்ற வேண்டும். அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

28ஆம் தேதி வராததற்குப் பனிதான் காரணம் என்று மாமாவிடம் சொன்னேன். பனி கொஞ்சம்தான் இருந்தது. நான் வயோமிங்கில், லாரமியில் நின்றுகொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். விடுப்புக்கு லோடு போடும் பெண் கேட்டாள், "வீடு எந்த ஊர்னு போடட்டும்?" வாயைத் திறந்தேன், "நியூ டெல்ஃப்ட்" என்று வந்தது. "அது எங்க இருக்கு, புது ஊரா?" என்றாள். "பழைய ஊர்தான்" என்றேன்.

நேற்றுச் சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தியபோது, நீங்கள் ஆம்புலன்ஸில் திருப்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தீர்கள். பாலத்துக்குப் பக்கத்தில் நான் இல்லாத நாளாகப் பார்த்து நீங்கள் பாலம் தாண்டினீர்கள். அங்கே என்னைத் தேடியிருப்பீர்களோ என்று கஷ்டமாக இருந்தது.

நானும் மாமாவும் ஆராதனைக்குப் போனோம். வருஷம் முழுக்கச் செத்தவர்கள் பெயரையும் பிறந்தவர்கள் பெயரையும் போதகர் வாசித்தார். வரவேற்கும் பையன் புதுசு போல. வரிசை முனையில் நின்று அந்தப் புத்தகத்தை என் பக்கம் நீட்டினான், "வெளியூரா சார்?" என்றான். பின் வரிசையில் வீன்ஸ்ட்ரா மாமி மிட்டாய் கடிப்பதை நிறுத்தியது எனக்குக் கேட்டது. "இல்ல தம்பி" என்று சொல்லிப் பக்கத்திலிருந்தவருக்குத் தள்ளிவிட்டேன். அவர் யாருடைய மருமகனோ, மின்னசோட்டாக்காரர். சந்தோஷமாக எழுதினார்.

பிறகு வந்து எண்ணெய் வைத்தோம். மாமாவை அடுப்புப் பக்கம் விடவில்லை. சிலது கருகியிருக்கும், அதெல்லாம் அவர் திரும்பிப் போட்டது. சர்க்கரைத் தூள் தூவி, தட்டில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

டிரெய்லர்காரருக்குப் போன் செய்தேன். முன்பணத்தைத் திருப்பித் தருகிறாராம், பாதி. மீதிப் பாதி, ‘ஒளிஞ்சுக்க வர்றியா’ என்று அவர் கேட்ட அந்தக் கேள்விக்குக் கூலி என்று நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பெட்டியையும் இந்த மாதத்தோடு விடுகிறேன். கம்பெனியில் சொல்லிவிட்டேன், இனி அயோவா வரி பிடிக்கச் சொல்லி. அதற்கு மேல் மேல்வரிக்கென்று வாரம் ஏழு டாலரும் கூடப் பிடிக்கச் சொன்னேன். இன்னும் பிடியுங்கள் என்று கேட்ட இரண்டாவது ஆள் நான். பழைய பாக்கிக்கு லொரேனிடம் நேரம் வாங்கித் தாருங்கள். லாரி அடுத்த வருஷம் இல்லையென்றால் அதற்கடுத்த வருஷம். எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய், கொஞ்சம் உண்டு.

ஆனால் நேற்றுக் கராஜ் மேல் அறைக்குப் போனேன். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக நான் இல்லாத அறைக்கு நீங்கள் சூடு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு நான் என்ன வரி கட்டினேன்?

12ஆம் தேதி ஞாயிறு வருகிறேன். கஸ் இங்கேயே இருக்கட்டும்.

நன்றி அத்தை. எல்லாவற்றுக்கும்.

டெரிக்

---

2025 ஜனவரி 5, ஞாயிறு

டேய்,

அன்னைக்கு ஏன் எழுப்பல? உன் மாமாகிட்ட ரெண்டு நாள் பேசல நான். மூணாம் நாள் உப்பு எங்கேன்னு கேக்க வேண்டியதாப் போச்சு.

அன்னைக்கு யாரை ஏத்திட்டுப் போனேன்னு கேக்கலியே. வீன்ஸ்ட்ரா வீட்டு மருமகளை, பிரசவ வலியோட. அவ மாமியார்க்காரி சர்ச்சுல உக்காந்து உன்னை வேவு பாத்துக்கிட்டிருந்தப்போ, இங்க இவ என் பின்னாடி "சீக்கிரம் ட்ரூடி, சீக்கிரம்"னு கத்தறா. பாலம் தாண்டறப்போ பழக்கத்துல அந்தப் பங்க் பக்கம் திரும்பினேன். இடம் காலி. எங்கயோ தூரமாப் போயிட்டான் பிள்ளைன்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு கத்தலைன்னா நான் கத்தியிருப்பேன். ஆஸ்பத்திரி வாசல்ல சேத்த கையோட பொம்பளைப் பிள்ளை பொறந்தது. நல்ல எடை. ஸ்தோத்திரம்.

திரும்பி வந்து நம்ம தெருவுல திரும்பறேன், வாசல்ல உன் லாரி. நீ உள்ளே தூங்கிட்டிருந்தே. எழுப்ப மனசில்ல எனக்கும். ஆம்புலன்ஸ் விளக்கை மட்டும் ரெண்டு தடவை சிமிட்டிட்டு உள்ள வந்தேன்.

லொரேனைப் பார்த்தேன். இருபத்தொண்ணாம் தேதி உனக்கு நேரம் குடுத்திருக்கா. போன கையோட இன்னொண்ணும் கேட்டேன். "வருஷக் கடைசி நாள் ஒரு குழந்தை ஆத்துக்கு அந்தப் பக்கம் பொறந்தா அது எந்த ஊர்க்காரி?"ன்னு. "அது எங்க திரும்பி வரும் ட்ரூடி?"ன்னா. இங்கதானேன்னேன். "அப்ப இந்த ஊர்க்காரிதான். சம்பாதிக்க ஆரம்பிச்சதும் என்கிட்ட அனுப்பு"ங்கிறா.

கருகினது எல்லாம் மாமா போட்டதுன்னு எழுதினே. அவர் எல்லாம் நீ போட்டதுங்கிறார். ரெண்டையும் தின்னேன். எது யார் போட்டதுன்னு எனக்குத் தெரியல, தெரியவும் வேண்டாம்.

என்ன வரி கட்டினேன்னு கேட்டிருந்தே. அந்தக் கேள்வியை விட்டுட்டு, நீ அணைச்சுட்டுப் போன ஹீட்டரை மறுபடி போட்டு வச்சிருக்கேன்.

இந்தக் கடிதாசிக்கு எந்த விலாசம் எழுதறதுன்னு உறையைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். பெட்டியை விடப் போறேங்கிற. அப்புறம்தான் உறைச்சுது, விலாசமே தேவையில்ல. தபால்தலையும் ஒட்டல. கராஜ் மேல உன் தலகாணி மேல வச்சிருக்கேன். கஸ் அதுக்குப் பக்கத்துலதான் படுத்திருக்கான், மோந்து பார்த்துட்டு.

வந்ததும் படிச்சுக்கோ.

அத்தை